எம்மாவின் குறையைக் கேட்டவர்கள்

குஸ்தாவ் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நாவலைப் படித்து முடித்த நம் ஊர்ப் பெண்களிடம் எம்மாவைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் பதிலாக ஒரு கேள்விதான் வருகிறது: அவளுக்கு என்ன குறைச்சல்? லஸ் பக்கம் ஒரு தோழியின் வீட்டு மாடியில் கூடி நாங்கள் சிலர் புத்தகம் பேசுவது வழக்கம். பள்ளி ஆசிரியைகள், இல்லத்தரசிகள், என்னைப் போல வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்று பலரும் வருகிற அந்தக் கூட்டத்தில், எங்களில் மூத்தவரான ஒரு மாமி பேச்சைத் தொடங்கி வைத்தார். "குடிக்காதவன், கை நீட்டாதவன், கேட்டதை வாங்கித் தரவன். வீட்டு வேலைக்கு ஆள் இருக்கு, குழந்தை இருக்கு. இதுக்கு மேல ஒருத்திக்கு என்னடி வேணும்?" பெரும்பாலோர் தலையசைத்தார்கள். நம் வீடுகளில் முகம் வாடியிருக்கும் எந்தப் பெண்ணிடமும் கேட்கப்படுகிற கேள்வி அது. கேட்பவர் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. எம்மாவிடமும் யாரும் காத்திருக்கவில்லை என்பதைத்தான் இந்த நாவல் முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களுக்குச் சொல்கிறது என்று நான் படிக்கிறேன். காத்திருந்து கேட்டவர்கள் இரண்டே பேர். அந்த இருவரைப் பற்றி எங்கள் கூட்டத்தில் போதுமான அளவு பேசவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் ஓரளவு வசதியான விவசாயியின் மகள் எம்மா. ருவான் நகரத்துக் கன்னிமாடத்தில் படித்தவள். அங்கே ஒளித்து வைத்துப் படித்த காதல் கதைகளிலிருந்து வாழ்க்கையைப் பற்றிய எதிர்பார்ப்பை உருவாக்கிக்கொண்டவள். முழு மருத்துவப் பட்டம் பெறாத, சிறு சிகிச்சைகளுக்கு மட்டும் அனுமதி பெற்ற கிராமத்து வைத்தியன் சார்ல் பொவாரிக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்படுகிறாள். சலிப்பு, ஒரு மகள், அடுத்தடுத்து இரண்டு காதலர்கள், மலைபோல் கடன், கடைசியில் நஞ்சு. கதை இவ்வளவுதான். இதை எழுத ஃப்ளோபேர் 1851 முதல் 1856 வரை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். எழுதிய வாக்கியங்களை உரக்கப் படித்துப் பார்த்து, காதுக்கு ஒவ்வாதவற்றைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

1856-இன் கடைசி மாதங்களில் பாரிஸ் இதழ் ஒன்றில் தொடராக வெளிவந்தவுடனேயே, பொது ஒழுக்கத்தையும் மதத்தையும் புண்படுத்தியதாக அரசு வழக்குத் தொடுத்தது. 1857 ஜனவரி 29 அன்று விசாரணை. பிப்ரவரி 7 அன்று விடுதலை. அரசுத் தரப்பில் வாதாடிய எர்னெஸ்ட் பினார் அதே ஆண்டில் கவிஞர் போத்லேரின் தொகுப்பின் மீதும் வழக்கு நடத்தித் தண்டனை வாங்கித் தந்தவர். அவரைக் குறுகிய மனத்தவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் மிகக் கூர்மையான வாசகராக இருந்தார். இந்தப் பெண்ணைத் தலைகுனியச் செய்யும் தகுதியுள்ள ஒருவர்கூட இந்தப் புத்தகத்துக்குள் இல்லை என்பது அவர் வைத்த முக்கியமான குற்றச்சாட்டு. கணவன் இல்லை, பாதிரியார் இல்லை, ஊர்ப் பொதுக்கருத்து இல்லை, கதாசிரியர்கூட இல்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை. ஃப்ளோபேருக்காக வாதாடிய செனார், தீமையின் பயங்கரத்தைக் காட்டி வாசகரை நல்வழிக்குத் திருப்புகிற நூல் இது என்றார். வழக்கை வென்றது அவர்தான். ஆனாலும் நாவலைச் சரியாகப் புரிந்துகொண்டவர் பினார்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் கூட்டத்திலும் சிலர் பினாராகவும் சிலர் செனாராகவும் பேசினோம். எம்மாவைக் கண்டித்தவர்களும், அவள் முடிவை மற்ற பெண்களுக்கு எச்சரிக்கையாகக் காட்டியவர்களும் அவளை எடைபோடுவதில்தான் முனைந்திருந்தார்கள்.

சார்லைப் பற்றி மாமி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவன் நல்லவன். எம்மாவுக்கு உடல்நலம் கெட்டபோது, நாலு ஆண்டுகள் பாடுபட்டு ஒருவாறு கால் ஊன்றிய தோஸ்த் ஊரை விட்டுவிட்டு, அவளுக்கு இட மாற்றம் வேண்டும் என்பதற்காகவே யோன்விலுக்குக் குடிபெயர்கிறான். அவள் இறந்த பிறகும் அவளையே நினைத்து உருகிச் சாகிறான். அவனிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அவன் முடிவு செய்துவிட்டான். எம்மா முதலில் முயற்சி செய்யாமலும் இல்லை. நிலவொளியில் தோட்டத்தில் நின்று தனக்கு மனப்பாடமான காதல் கவிதைகளை அவனிடம் சொல்லிப் பார்க்கிறாள். சொல்லி முடித்த பிறகு அவளும் அப்படியே இருக்கிறாள், அவனும் அப்படியே இருக்கிறான். எது அவளுக்குள் ஓடுகிறது என்று ஒரு தடவையாவது அவன் கேட்டிருந்தால் கதை மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவனது அசையாத நிம்மதிதான் அவளுக்குப் பொறுக்க முடியாததாகிறது. அடிக்கிற கணவனைப் பற்றிப் பிறந்த வீட்டில் சொல்லி அழலாம். அக்கம்பக்கத்தார் நியாயம் பேசுவார்கள். தன்னைத் திருப்தியாகப் பார்த்துப் புன்னகைக்கிற கணவனைப் பற்றி யாரிடம் என்னவென்று சொல்வது?

அவள் சொல்லப் போகிறாள் என்பதுதான் முக்கியம். இரண்டாம் பாகத்தில், ஒரு வசந்த கால மாலையில், கோயில் மணி அடிப்பதைக் கேட்டுக் கன்னிமாடத்து நாட்கள் நினைவுக்கு வர, அவள் பாதிரியார் பூர்னிசியனைத் தேடிப் போகிறாள். இந்த நாவலில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் இது. ஞானோபதேச வகுப்புக்கு வந்த பையன்கள் சுற்றிலும் கூச்சலிட்டு விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். தனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது என்று அவள் சொல்கிறாள். வெயில் தொடங்குகிற காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்கிறார் அவர். டாக்டர் ஒன்றும் மருந்து தரவில்லையா என்று கேட்கிறார். தனக்கு வேண்டியது மண்ணுலக மருந்து அல்ல என்கிறாள். அவர் ஒரு பையனை அதட்டப் போய்விடுகிறார். திரும்பி வந்து வயிறு வீங்கிய ஒரு பசு மாட்டைப் பற்றிச் சொல்கிறார். வீட்டில் கணப்பும் சாப்பாடும் இருக்கிறவர்களுக்கு என்ன கவலை இருக்க முடியும் என்கிற பொருளில் ஏதோ சொல்லத் தொடங்கி முடிக்காமல் விடுகிறார். அவள் முகம் மாறியதைப் பார்த்து, செரிமானக் கோளாறாக இருக்கும், வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தேநீர் குடியுங்கள் என்கிறார். கடைசியில், ஏதோ கேட்க வந்தீர்களே, என்ன அது என்று நினைவு வந்து கேட்கிறார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு எம்மா திரும்புகிறாள்.

பூர்னிசியன் கெட்டவரல்லர், உழைப்பாளி, இரக்கமுள்ளவர், கிராமத்து ஏழைகளின் துன்பத்தைக் கண்ணால் கண்டவர். அதனாலேயே வயிறு நிறைந்தவளின் துயரம் அவர் காதில் விழவில்லை. இந்தக் காட்சியைப் படிக்கும்போது எனக்குச் சென்னையில் நான் கேட்டு வளர்ந்த பதில்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்று. ஜாதகத்தில் சனி பார்வை இருக்கிறது, ஒருமுறை திருநள்ளாறு போய் வாருங்கள். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவாக இருக்கும், பரிசோதித்துப் பார். இவை எல்லாமே அக்கறையில் பிறந்த பதில்கள்தாம். எதுவும் கேள்விக்கு உரிய பதிலல்ல. அந்த மாலையில் வீடு திரும்பிய எம்மா, தன் உடையைப் பிடித்து விளையாட வந்த மகள் பெர்த்தைத் தள்ளிவிடுகிறாள். குழந்தை அலமாரியில் மோதிக் கன்னத்தில் காயப்படுகிறது. பாதிரியார் காட்சியையும் இந்தக் காட்சியையும் ஃப்ளோபேர் அடுத்தடுத்து வைத்திருப்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

காது கொடுத்துக் கேட்ட முதல் ஆள் ரோடோல்ஃப். முப்பத்து நான்கு வயது, சொந்தப் பண்ணை, பெண்கள் விஷயத்தில் நீண்ட அனுபவம். எம்மாவை முதன்முதலில் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே அவள் கணவனிடம் சலித்துப் போயிருக்கிறாள் என்பதையும், அன்புக்கு ஏங்கித் தவிக்கிறாள் என்பதையும் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறான். சார்லுக்கும் பாதிரியாருக்கும் ஆண்டுக்கணக்கில் புலப்படாதது இவனுக்குச் சில நிமிடங்களில் புலப்படுகிறது. பிறகு எப்படி இவளைக் கழற்றிவிடுவது என்ற யோசனையும் அதே மூச்சில் அவனுக்கு வருகிறது.

வேளாண் கண்காட்சிக் காட்சியை எழுத மட்டும் ஃப்ளோபேருக்கு மாதக்கணக்கில் ஆனது. அந்த உழைப்பு வரிக்கு வரி தெரிகிறது. ஊர் மன்றக் கட்டடத்தின் மாடியில் எம்மாவின் அருகே அமர்ந்து ரோடோல்ஃப் காதலைப் பற்றிப் பேசுகிறான். கீழே மேடையில் அரசு அதிகாரி உழவின் பெருமையைப் பேசுகிறார். இருவர் பேச்சும் மாறி மாறி வருகின்றன. விதி நம்மைச் சேர்த்தது என்று மேலே ஒருவன் சொல்லும் நேரத்தில், சிறந்த எருவுக்கான பரிசு கீழே அறிவிக்கப்படுகிறது. பலரும் இதை நகைச்சுவைக் காட்சியாக நினைவு வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கத்ரீன் லெரூ என்ற கிழவி மேடைக்கு அழைக்கப்படுகிறாள். ஒரே பண்ணையில் 54 ஆண்டுகள் வேலை செய்ததற்காக அவளுக்கு ஒரு வெள்ளிப் பதக்கம் தரப்படுகிறது. அதன் மதிப்பு 25 ஃபிராங்க். களஞ்சியத் தூசியும் சலவைக் காரமும் கம்பளிப் பிசுக்கும் ஏறிக் கரடு தட்டிப்போன அந்தக் கைகளை ஃப்ளோபேர் விவரிக்கும் பத்தியில் ஒரு சொல்கூட ஏளனத்துக்கு இடம் தரவில்லை. கத்ரீனிடமும் யாரும் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. மாடியில் இருப்பவளுக்கு எல்லாம் இருந்தும் கேட்க ஆள் இல்லை. மேடையில் நிற்பவளுக்கு எதுவுமே இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. எம்மாவின் துயரத்தை வசதியானவளின் கொழுப்பு என்று சொல்பவர்களுக்கு, இந்தக் கிழவியை அதே காட்சியில் கொண்டுவந்து நிறுத்தியவரும் ஃப்ளோபேர்தான் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

இரண்டாவது ஆள் லெரோ, ஊரின் துணி வியாபாரி. நாவலைப் படித்தவர்கள் பெரும்பாலும் காதலர்களை நினைவில் வைத்துக்கொண்டு இவனை மறந்துவிடுகிறார்கள். வடசென்னைக் கிளையொன்றில் நீண்ட காலம் நகைக் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் என்பதால் எனக்கு இவனை மறக்க முடியவில்லை. முதல் வருகையிலேயே கழுத்துப்பட்டைகளையும் அல்ஜீரியச் சால்வைகளையும் விரித்துக் காட்டுகிறான். இப்போது எதுவும் வேண்டாம் என்கிறாள் எம்மா. வற்புறுத்தாமல் எடுத்து வைத்துக்கொள்கிறான். பணத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், தேவைப்பட்டால் உங்களுக்குப் பணமும் தேடித் தருவேன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறான். பிறகு வருவதெல்லாம் என் மேசையில் நான் பார்த்த வரிசைதான். முதலில் கணக்கில் எழுதிக்கொள்வது, பிறகு புரோநோட்டு, தவணை வந்ததும் புது நோட்டு எழுதிப் பழையதைத் தள்ளிப்போடுவது, நோட்டை ருவான் நகரத்து வட்டிக்காரர் ஒருவர் பெயருக்கு மாற்றிவிட்டு, என் கையில் ஒன்றும் இல்லை, அவர்தான் நெருக்குகிறார் என்று கை விரிப்பது. ஒரு கட்டத்தில் எம்மாவுக்கே எவ்வளவு கடன் என்று தெரியாமல் போகிறது. கணவனின் நோயாளிகளிடம் கட்டணத்தைத் தானே வசூலித்து மறைக்கிறாள். கடைசியில் 24 மணி நேரத்துக்குள் 8000 ஃபிராங்க் கட்டச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வருகிறது. வீட்டுச் சாமான்கள் ஜப்தியாகின்றன.

கணவருக்குத் தெரியாமல் தாலிக்கொடி தவிர மற்ற எல்லாவற்றையும் அடகு வைத்த பெண்கள் எங்கள் கவுன்டருக்கு வருவார்கள். சவுகார்பேட்டை அடகுக் கடையிலிருந்து மீட்டு வங்கியில் வைக்க வருபவர்கள், வங்கியிலிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுக்க வருபவர்கள், வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகிறவர்கள். எதற்காக என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு; வீட்டுச் செலவு என்று எழுதிவிடுவார்கள். பல பேருக்கு அது உண்மையாகவே மருத்துவச் செலவும் பள்ளிக் கட்டணமும்தான். சிலருக்கு அது தங்கையின் கல்யாணத்துக்குக் கட்டிப்போன பட்டு. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாங்கிய ஒன்று. ஒரு நாளாவது தான் விரும்பியபடி இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையை வீட்டில் யாரிடமும் சொல்லாதவர்கள், சொன்னாலும் கேட்க ஆள் இல்லாதவர்கள், கடன் தருகிறவனிடம் ஒரு தொகையாக மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். அவன் பொறுமையாகக் கேட்கிறான். தமிழ்நாட்டில் 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வட்டி விகிதத்தைக் கட்டுப்படுத்தலாம். அந்தப் பெண் ஏன் வீட்டை விட்டுவிட்டு அவனிடம் போய்ப் பேசினாள் என்பது அதன் வரம்புக்குள் வராது.

எம்மாவின் காலத்துச் சட்டத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நெப்போலியன் காலத்தில் 1804-இல் வந்த உரிமையியல் சட்டப்படி, கணவனின் அனுமதி இல்லாமல் ஒரு மனைவி செல்லுபடியாகும் ஒப்பந்தம் எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் மாமனார் இறந்து சொத்து வந்தவுடன் கணவனிடமிருந்து பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கச் சொல்லி லெரோ அவளுக்கு யோசனை சொல்லித் தருகிறான். அவள் வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் பெயரில் கையெழுத்திடும் அதிகாரம் கிடைக்கிறது. அது அவளை விழுங்குவதற்காகவே கிடைக்கிறது. திருமணத்திலிருந்து வெளியே வரும் வழியும் இல்லை. பிரான்சில் 1816-இல் ஒழிக்கப்பட்ட விவாகரத்து 1884-இல்தான் திரும்ப வந்தது. நம் பக்கத்தில், சென்னை மாகாணத்து இந்துப் பெண்களுக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த வழி திறந்தது. நாடு முழுவதற்குமான இந்துத் திருமணச் சட்டம் அதற்குப் பின்பு 1955-இல் வந்தது. என் பாட்டிக்கு நடு வயது வரை அப்படி ஒரு வழியே இருக்கவில்லை என்பதை யோசிக்கும்போது, எம்மாவை வேறு ஏதோ யுகத்துப் பெண்ணாக என்னால் நினைக்க முடியவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டதால் எம்மாவை நான் கொண்டாடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளை நேசிப்பது சுலபமல்ல. கணவன் புகழ் பெறட்டும் என்று ஓமே என்ற மருந்துக்கடைக்காரனோடு சேர்ந்து அவள் தூண்டிய பாத அறுவைச் சிகிச்சையில், இப்போலீத் என்ற அப்பாவிக் குதிரைக்காரன் ஒரு காலையே இழக்கிறான். அதன்பின் அவன் மரக்கால் ஓசை கேட்கும்போது அவளுக்கு அவனைப் பற்றிய எண்ணம் வருவதில்லை. பெர்த்தின் விஷயம் அதைவிடக் கடினமானது. எம்மா ஆண் குழந்தையை விரும்பினாள். நம் வீடுகளில் கொள்ளி போடவும் குலம் விளங்கவும் ஆண் பிள்ளை கேட்பார்கள்; அவள் கேட்டது வேறு காரணத்துக்கு. ஆண் என்றால் நினைத்த இடத்துக்குப் போகலாம், பெண்ணுக்கு ஒவ்வொரு அடியிலும் தடை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தன்னால் முடியாததை அவனாவது செய்யட்டும் என்று நினைத்தாள். பெண் பிறந்தது என்று கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மயங்கினாள். தான் பட்ட அநீதியைத் துல்லியமாக அறிந்த ஒருத்தி அதே அநீதியைத் தன் மகளுக்குக் கை மாற்றித் தருகிறாள். இந்த இடத்தில் அவள் மீது எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தையும் வைத்துக்கொண்டுதான் அவளுக்காகப் பேசுகிறேன்.

எங்கள் கூட்டத்தில் தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தா'ளை ஒப்பிட்டுப் பேச்சு வந்தது தவிர்க்க முடியாதது. 1966-இல் வந்த அந்த நாவலின் அலங்காரத்தம்மாளும் சென்னை வீடு ஒன்றில் கணவன் தண்டபாணியோடு வாழ்ந்துகொண்டே வேறொருவரோடு உறவு வைத்திருப்பவள். கடைசியில் காசிக்குப் போகிறாள். ஜானகிராமன் அவளைக் கண்டிக்கவில்லை. ஆனால் அவளைப் பெரும்பாலும் மகன் அப்புவின் கண்கள் வழியாகவே நமக்குக் காட்டுகிறார். அலங்காரத்துக்கு என்ன வேண்டியிருந்தது என்பதை அவள் அழகையும் கம்பீரத்தையும் கொண்டு நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஃப்ளோபேர் செய்தது வேறு. அவள் நினைத்தாள் என்று சொல்லாமலே அவள் நினைப்பை ஆசிரியரின் வாக்கியத்துக்குள் கலந்துவிடுகிறார். இது எம்மாவின் குரலா கதைசொல்லியின் குரலா என்று பிரித்தறிய முடியாத வாக்கியங்களில் நாம் அவளோடு உட்கார்ந்திருக்கிறோம். நீதிமன்றத்தில் பினாரை நிலைகுலையச் செய்தது இந்த எழுத்துமுறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளுடைய ஆசையை உள்ளிருந்து கேட்டுவிட்ட பிறகு, வெளியே நின்று தீர்ப்புச் சொல்லும் வசதி வாசகருக்குப் போய்விடுகிறது.

கடைசிப் பக்கங்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். எம்மா இறந்து, சார்லும் இறந்த பிறகு, வீட்டில் இருந்ததெல்லாம் விற்கப்படுகிறது. எல்லாக் கடனும் தீர்ந்தபின் மிஞ்சியது 12 ஃபிராங்க் 75 சென்டிம் என்று ஃப்ளோபேர் கணக்குச் சொல்கிறார். அந்தப் பணம் பெர்த்தைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பும் வண்டிச் செலவுக்குப் போகிறது. அதே ஆண்டில் பாட்டியும் இறந்துவிட, ஏழையான ஓர் அத்தை அவளை ஏற்று, பிழைப்புக்காகப் பஞ்சாலைக்கு வேலைக்கு அனுப்புகிறாள். பெரம்பூர் பின்னி ஆலையின் சங்கொலியைக் கேட்டு நேரம் பார்த்த குடும்பம் எங்களுடையது. பஞ்சாலைக்குப் போகும் சிறுமி என்ற ஒரு வரியே எனக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கடுத்த பத்தியில், அந்த ஊரிலேயே மிக அதிகம் பேசியும் யார் சொல்வதையும் கேட்காமலும் வாழ்ந்த ஓமேவுக்கு அரசின் உயரிய விருது கிடைத்த செய்தியோடு நாவல் முடிகிறது. லெரோவோ அதற்கு முன்பே பயணிகள் வண்டிச் சேவை ஒன்றைத் தொடங்கித் தொழிலைப் பெருக்கிக்கொண்டுவிட்டான்.

அன்று பேச்சு முடிகிற நேரத்தில், லெரோவைப் பற்றி இதுவரை யாருமே ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நான் கேட்டேன். மாமி சிறிது நேரம் யோசித்துவிட்டு, அந்தத் துணிக்கடைக்காரனா, அவன் தன் வியாபாரத்தைப் பார்த்தான், அவ்வளவுதானே என்றார். அடுத்த கூட்டத்துக்கு வேறு புத்தகம் எடுக்க வேண்டாம், லெரோ வரும் பக்கங்களை மட்டும் குறித்துக்கொண்டு இதையே இன்னொரு முறை படித்து வருவோம் என்று கேட்டிருக்கிறேன்; சிலர் சம்மதித்திருக்கிறார்கள்.